நமக்கு வந்து சேர்ந்த கடல்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'கடற்கரை வழியே ஒரு பயணம்' என்பது. பயணம் பற்றிப் பேசுவோர் புறப்பட்ட நேரம், உண்ட உணவு, தங்கிய விடுதி எனச் சொல்லிச் செல்வது வழக்கம். அவற்றை விட்டுவிடுகிறேன். சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் வட்டத்து அன்பர்கள் மூவரோடு நான் சென்றுவந்த வழி நெடியதன்று. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி; அங்கிருந்து கட்டுமாவடி; பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்; மீமிசலிலிருந்து ஆவுடையார்கோயில் வழியாக வீடு. விடியலில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஆயினும் இப்பத்தாண்டுகளில் நம் வட்டம் குற்றாலத்துக்குச் சென்றது, பூம்புகாருக்குச் சென்றது. நம் மாவட்டத்துக் கடலுக்கு ஒருமுறையேனும் சென்றதில்லை. ஏன் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

புதுக்கோட்டை என்றதும் நம் நெஞ்சில் எழுவது கல். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் என்று குன்றும் குடைவரையுமாகவே நம் ஊரை நாம் அறிவோம். கல்லுக்கு அடுத்தபடி குளம். அதற்கும் அடுத்தபடி வறண்ட செம்மண். கடலுக்கு அவ்வரிசையில் இடமில்லை. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. நாற்புறமும் ஆங்கிலேயரின் மாவட்டங்கள் சூழ்ந்த உள்நாடு அது. 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. அப்போதும் கடல் வரவில்லை. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான், தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதி நம்மோடு வந்தது. அதனோடு ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுள்ள கடற்கரையும் வந்தது. பொங்கலையொட்டி, ஓர் அரசாணையின் வழியே நமக்குக் கடல் கிடைத்தது. அரசாணை நிலத்தைச் சேர்க்கும். நெஞ்சத்தைச் சேர்க்க அதனால் இயலாது. ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் புதுக்கோட்டைக் கவிஞனின் மனம் வெள்ளாற்றங்கரையோடு நின்றுவிடுகிறது.

கடலில்லா நாடாக இருந்தமையின் விலை என்ன என்பதை உப்பைக் கொண்டு அறியலாம். சமஸ்தானத்தில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி மண்ணுப்பு எடுக்கும் தொழில் இருந்தது. ஆங்கில அரசின் உப்பு வரிக்கு இஃது இடையூறாகத் தோன்றவே, 1880-களின் இறுதியில் அத்தொழில் நிறுத்தப்பட்டது. சமஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை வந்தது. உப்புக் காய்ச்சியவனுக்கு என்ன வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் வண்டித் தொலைவில் கடலை வைத்துக்கொண்டு, தன் மண்ணின் உப்பையும் இழந்து, அடுத்தவர் எல்லையின் உப்புக்குக் காத்திருந்த ஊர் நம்முடையது.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். அறந்தாங்கி வரைக்கும் வழி நாம் அறிந்ததே. தைலமரக் காடுகளும் செம்மண்ணும். அறந்தாங்கிக்கு அருகே அழியாநிலை என்னும் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. ஊர்ப்பெயரின் பொருளையும் அங்கு வாழ்வோரின் நிலையையும் சேர்த்து எண்ணிய அன்பர் ஒருவர் வண்டியில் நெடுநேரம் பேசவில்லை.

அறந்தாங்கியைத் தாண்டியதும் மண் நிறம் மாறுகிறது. செம்மை கரைந்து சாம்பலாகிறது. மேடு பள்ளம் ஒழிந்து தரை தட்டையாகிவிடுகிறது. இது காவிரியின் கடைமடை. மேட்டூர்த் திட்டத்தோடு 1934-இல் நிறைவுற்ற கல்லணைக் கால்வாய் ஏறத்தாழ 148 கி.மீ. ஓடிவந்து மும்பாலை ஏரியில் தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. பங்குனியாதலால் கால்வாய் வறண்டிருந்தது. அறுவடையான வயல்களில் தாள் மட்டுமே நின்றது. காவிரி கடலோடு கலப்பதைப் பாடாத கவிஞர் நம்மிடையே இல்லை. மனிதன் வெட்டிய இந்தக் காவிரியோ, கடல் சில கல் தொலைவில் இருந்தும், கடலைக் காணாமல் ஓர் ஏரியிலேயே அடங்கிவிடுகிறது. தண்ணீர் வருமா வராதா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் கடைமடை உழவனுக்கு, கலவாமல் அடங்கும் இந்தக் காவிரியே உண்மையான காவிரி.

கட்டுமாவடியில் கடற்கரைச் சாலையை அடைந்தோம். அதிகாலையில் மொத்த வணிகம் நடக்கும் மீன்சந்தை அங்கு உண்டு. நாங்கள் சேர்ந்தபோது சந்தை முடியும் தறுவாய். பனிக்கட்டி உடைக்கும் ஓசையும், பெட்டிகளை லாரியில் ஏற்றும் அவசரமுமே எஞ்சியிருந்தன. கடற்கரைச் சாலை என்பது பெயரே ஒழிய, அதில் போகிறவனுக்குக் கடல் தெரியாது. இருபுறமும் சீமைக்கருவேலம், இடையிடையே தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16-இல் வந்த கஜா புயல் இப்பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்தது. இன்று தோப்பில் இளங்கன்றும் முதுமரமும் அருகருகே நிற்பதைக் கொண்டே அப்புயலின் வயதைச் சொல்லிவிடலாம். கடலைக் காண வேண்டுமாயின் ஏதேனும் ஒரு மண்சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். கருவாட்டு வாசனை வரும், பிறகு சேறு, பிறகு ஒளி. அந்த ஒளிதான் கடல்.

கவிஞர்களே, இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி. அந்தக் கடலில் அலை இல்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. பாக் நீரிணைக்குத் தெற்கே, இராமேசுவரம் தீவு வரை பரந்து கிடக்கும் பாக் விரிகுடா ஆழமற்றது; அதன் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. கிழக்கே இலங்கையும் தெற்கே இராமேசுவரமும் சேதுத் திட்டுகளும் காப்பாக நிற்கின்றன. வங்கக் கடலின் பெருவீச்சு உள்ளே வந்து சேர்வதற்குள் தளர்ந்துபோகிறது. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்தைச் சூறையாடிய ஆழிப்பேரலை நம் கரையில் அவ்வளவு கொடுமை செய்யாததற்கும் இலங்கை இடையே நின்றதே காரணம். வாடைக்காலத்தில் இக்கடலும் குமுறும், புயலில் ஊருக்குள்ளும் வரும். ஆனால் பங்குனி, சித்திரையில் அது ஒரு பெருங்குளம். கரைமணலில் வந்து சுருளும் வெண்ணுரையோ இரைச்சலோ கிடையாது. நீர் வற்றும்போது, தரை தட்டையாதலால், நெடுந்தொலைவு பின்வாங்கி ஓடங்களைச் சேற்றில் சாய்த்துவிட்டுப் போகிறது. நண்பகலில் இறங்கி நின்றால் முழங்கால் அளவு நீர் வெதுவெதுவென்று இருக்கிறது.

கரையில் நண்டு வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, அலையே காணோமே?" என்றேன். தலையை நிமிர்த்தாமலே, "அலை பாக்கணும்னா தெக்கே போங்க சார். இது பொம்பளைக் கடல்" என்றார். பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இராமேசுவரத்தார் வழங்குவதைக் கேட்டிருக்கிறேன். நம் மாவட்டத்து வாயிலிருந்து அச்சொல்லைக் கேட்டது அன்றுதான்.

இப்போது நம் வட்டத்தின் கவியரங்குகளை நினைவுகூர வேண்டுகிறேன். கடல் வந்த இடமெல்லாம் அலை வந்தது. அலை புரண்டது, அலை சீறியது, அலை பாடியது, அலை கரையை முத்தமிட்டது. நம் மாவட்டத்துக் கடலில் இவற்றுள் எதுவும் நிகழ்வதில்லை. பின் இந்த அலை எங்கிருந்து வந்தது? மெரினாவிலிருந்து வந்தது, திரைப்படப் பாட்டிலிருந்து வந்தது, பெரும்பகுதி ஏட்டிலிருந்து வந்தது. தொல்காப்பியம் வகுத்த நெய்தலை நாம் பாடமாகப் படித்தோம். அதன் முதலும் கருவும் உரியும் மனப்பாடம் ஆயின. மனப்பாடமே கண்ணாகிவிட்டது. நெய்தலுக்கு உரிய சிறுபொழுதாகிய எற்பாட்டைப் பாடும்போது கதிரவனைக் கடலில் இறக்கிவிடும் கவிஞர்கள் நம்மிடையே உண்டு. கிழக்குக் கரையில் நின்று பாருங்கள். கதிரவன் நம் முதுகுக்குப் பின்னே, கண்மாய்க் கரையின் மேல் சாய்கிறான். எதிரே கடல் மட்டும் சற்றுநேரம் ஒளியை வைத்திருந்து மெல்ல ஈய நிறமாகிறது. இக்காட்சியை நம்மில் ஒருவரும் எழுதவில்லை.

புதினத்துறையில் கடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குரூசின் 'ஆழி சூழ் உலகு' ஆகியவற்றை நம் வட்டத்திலேயே படித்து விவாதித்திருக்கிறோம். ஆனால் அவை தென்கோடியின் கடல்கள், ஆண்கடல்கள். கட்டுமரம் அலையை உடைத்துக்கொண்டு ஏறும் கடல்கள். அவற்றின் மொழியை இரவல் வாங்கி நம் கரைக்குப் போர்த்த முடியாது.

அலையில்லாக் கடலில் பாடுபொருள் ஏது என்று கேட்கலாம். அலையில்லாமையாலேயே இங்கு வளர்பவை உண்டு. ஆழமற்ற, கதிரொளி தரைவரை செல்லும் நீரில் கடற்புல் வயல்போல் விளைகிறது. அப்புல்லை மேய வருவது கடற்பசு. மீனவர் வழக்கில் ஆவுளியா. பால் கொடுத்துக் கன்றை வளர்க்கும் இவ்வுயிர் அருகிவருவதால், தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. புல்லும் மேய்ச்சலும் முல்லைக்குரியவை என்று படித்தோம். நெய்தலின் நீருக்கடியில் ஒரு முல்லை நிலம் நம் மாவட்ட எல்லையிலேயே கிடக்கிறது. மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடும் இருக்கிறது. அலையை ஆற்றுவது அலையாத்தி என்று மக்கள் பொருள் சொல்வர். ஆற்ற அலையில்லாத இடத்திலும் அது பொறுமையாக நிற்கிறது.

மணமேல்குடியில் சிறிது நேரமே தங்கினோம். மேற்கே நம் ஊரைக் கடந்து வரும் தென் வெள்ளாறு இங்கேதான் கடலைச் சேர்கிறது. சோழ மண்டலத்துக்கும் பாண்டி மண்டலத்துக்கும் எல்லையென்று புலவர் வகுத்த ஆறு, முகத்துவாரத்தில் எது ஆறு எது கடல் என்று பிரித்தறிய இயலாமல் படுத்துக் கிடக்கிறது. நின்றசீர் நெடுமாறனின் அமைச்சராய் இருந்து, மங்கையர்க்கரசியாரோடு சேர்ந்து ஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்த குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. பாண்டிய அமைச்சர் ஒருவர் இக்கரையில் பிறந்தார். மற்றொருவர் குதிரை வாங்க இப்பக்கம் வந்தார். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் அப்பா தர்காவைக் கண்டோம். கந்தூரிக்கு எல்லாச் சமயத்தாரும் கூடும் இடம் அது. அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் எனப் பட்டினம் பட்டினமாக வரும் இவ்வூர்ப் பெயர்களே, ஒரு காலத்தில் கடல் சாலையாக இருந்ததற்குச் சான்று. இன்று அவ்வூர் இளைஞர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வானூர்தியில் செல்கின்றனர்.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. ஏனைய நாள்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை சென்றவை ஞாயிறு காலை திரும்பியிருந்தன. ஒரு படகின் இடம் வெறுமையாக இருந்தது. கேட்டோம். பிடிபட்டுவிட்டது என்றார்கள், பேருந்து தாமதம் என்பதுபோல.

1974 ஜனவரியில் நமக்குக் கடல் வந்தது என்றேன். அதே 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் இக்கடலின் நடுவே ஒரு கோட்டை வரைந்தது. கச்சத்தீவு அக்கோட்டுக்கு அப்பால் போயிற்று. கடல் நம் மாவட்டத்துக்கு வந்த ஆறாம் மாதம் அது பாதிக் கடலாயிற்று. நீரின்மேல் கோடு நிற்காது. இறாலும் நண்டும் அதைப் படிப்பதில்லை. ஆனால் அக்கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டவர் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தையும் யாழ்ப்பாணச் சிறையையும் அறிவர். 2018-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அயல்படகுகளுக்கான தண்டத்தைப் பன்மடங்கு உயர்த்திய பின், ஆள் திரும்பினாலும் படகு திரும்புவது அரிதாயிற்று. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற ஒரு படகு இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதுண்டு மூழ்கியதில் நால்வர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு மோதலில் இக்கரையின் மீனவர் ஒருவர் மாண்டார். மோதியது யார் என்பதில் இரு தரப்பும் இரு விதமாகச் சொல்கின்றன. மாண்டவர் மாண்டவரே.

இங்கு உணர்ச்சிவயப்பட்டு ஒரு பக்கம் மட்டும் பேசுதல் எளிது, கைதட்டலும் கிடைக்கும். மறுபக்கத்தையும் சொல்லாவிடின் நான் கண்டதை மறைத்தவனாவேன். எதிர்க்கரையில் வலை விரிப்பவரும் தமிழரே. முப்பதாண்டுப் போரில் கடலுக்குள் இறங்கவே தடுக்கப்பட்டிருந்த அவர்கள், 2009-க்குப் பிறகு மீண்டும் வலை போட்டபோது, நம் விசைப்படகுகளின் இழுவைமடி அவ்வலைகளை அறுத்துச் செல்வதாகக் கூறுகின்றனர். கடல்தரையை வாரிச் செல்லும் அம்மடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்தது. அந்த மடி கடற்புல்லையும் வாரும், மீன்குஞ்சையும் வாரும். நம் கரையின் நாட்டுப்படகுக்காரரும் இதே குறையைச் சொல்லக் கேட்டோம். ஆழமற்ற கடல் இது, சிறிதளவே தாங்கும்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது நமக்குப் பரீட்சைக்குரிய விடை. ஜெகதாப்பட்டினத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பெண்மணி ஒருவர் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கடந்து சென்றபோதும் திரும்பி வந்தபோதும் அவ்வாறே இருந்தார். அவர் யாருக்காகக் காத்திருந்தார் என்பதை நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. நம் கவியரங்கில் புன்னை மரத்தடியில் நிற்கும் தலைவியை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். இவரை ஒருமுறையும் கண்டதில்லை.

மீமிசலில் உப்பளங்கள். வெயில் உச்சியில் இருந்ததால் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை. குவியல்களின் மேல் கீற்று வேய்ந்திருந்தது. உமணர் வண்டி பற்றி ஒரு நண்பர் நீண்ட விளக்கம் தரத் தொடங்கினார். வெப்பம் அதை முடித்துவைத்தது.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஆவுடையார்கோயில், அதாவது திருப்பெருந்துறை. துறை என்ற சொல் ஆற்றுத்துறைக்கும் பொருந்தும், கடல்துறைக்கும் பொருந்தும். இன்று ஊருக்குப் பக்கத்தில் கடல் இல்லை. அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்க வந்த வாதவூரர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டு, மாணிக்கவாசகர் ஆனார். கதை எல்லோரும் அறிந்ததே. நான் நினைவூட்ட விரும்புவது அதன் பொருளியல் பின்புலத்தை. குதிரை தமிழ்நாட்டில் பெருகும் விலங்கன்று. கடல்வழி வந்த சரக்கு. பாண்டியர் குதிரைக்காகச் செலவிட்ட பெரும்பொருளைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ வியந்து எழுதியிருக்கிறார். நரி பரியான திருவிளையாடலுக்கு அடியில் இருப்பது ஒரு துறைமுக வணிகக் கணக்கு. நம் மாவட்டத்தின் தலைசிறந்த கவிதை நூலாகிய திருவாசகம், கடற்கரைக்கு அலுவல் நிமித்தம் அனுப்பப்பட்ட ஒருவர் அலுவலை மறந்ததால் பிறந்தது. கடல் நமக்கு அயலானது என்று இனியும் சொல்வதற்கில்லை.

அக்கோயிலின் கொடுங்கையைப் பற்றி இவ்வவையில் விரிக்க வேண்டியதில்லை. கல்லை மரச்சட்டம்போல், கம்பிபோல் இழைத்திருக்கிறார்கள். பழங்காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக என்று எழுதுவார்கள் என்பது வழிவழிச் செய்தி. கருவறையில் இலிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டுமே; எதிரில் நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. சோற்றைக் கொட்டி அதன் ஆவியையே நிவேதனம் செய்கிறார்கள். காலையில் அலையில்லாக் கடலைப் பார்த்துவிட்டு மாலையில் அச்சன்னதியில் நின்றபோது, எதிர்பார்த்தது இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும் போலும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் கவிஞரல்லர், கணக்காசிரியர்.

இறுதியாகச் செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற்கவியரங்கை இம்மண்டபத்தில் வைக்காமல் ஜெகதாப்பட்டினத்துத் துறையில் வைக்கலாம். நாள் குறிக்கும்போது ஒன்றைக் கருத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும், வலை பின்னுவோர் ஓய்வாகப் பேசுவார்கள். அதற்குப் பின் என்றால் ஞாயிறு விடியலே தகுந்தது. சனிக்கிழமை சென்ற படகுகள் அப்போதுதான் வந்து சேரும். கவிதைகளை எழுதிக்கொண்டு வர வேண்டாம், அங்கே வந்து எழுதலாம். அறந்தாங்கிக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை நான் விசாரித்துச் சொல்கிறேன்.